தொகுதி பதினான்கு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

ஏப்ரல் 22, திங்கள்

ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கு மேற்பார்வை. முடித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் போனைத் திறந்தால் ஜர்னலிலிருந்து மெயில். மாதக்கணக்காகக் காத்திருந்த மெயில் என்பதாலேயே உடனே திறக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி, துடைத்து, பையில் வைத்துவிட்டுத்தான் திறந்தேன்.

நிராகரிக்கவில்லை. ஏற்கவும் இல்லை. பெரிய அளவில் திருத்தி ஜூன் 21-க்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். படங்களுக்கு அளவுகோல் போடு, மேற்கோள் பட்டியல் எங்கள் ஜர்னலின் முறையில் இல்லை, மாற்று என்பதோடு விட்டுவிட்டார். இரண்டாமவர் ஒரே பத்தியில் என் ஏழு வருடத்தையும் மூடிவிட்டார். நான் புது இனம் என்று எழுதிய நண்டு புதிதே இல்லையாம். ஒஸ்டர்வால்ட் என்கிற ஜெர்மானியர் 1909-இல் இந்தோனேசியாவிலிருந்து விவரித்த நண்டுதானாம். "இதே கடற்கரையில் இதே நண்டை ஒஸ்டர்வால்டின் இனம் என்று வேதமாணிக்கம் 1996-இலேயே பதிவு செய்திருக்கிறார். இதை மறுக்கும் சான்றைக் கொடுங்கள், அல்லது கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள்."

வேதமாணிக்கம் என் கைடு. இந்தக் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்த பெயர் அவருடையது. சார் அன்று பார்த்த நண்டு வேறு, இது வேறு என்று அவர் சொல்லித்தான் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியை இரண்டாமவர் நம்பவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். "பாத்தேம்மா. நேர்ல வா, பேசுவோம்" என்றார்.

ஏப்ரல் 24, புதன்

கல்லூரிக்குப் போனேன். சார் அறையில் ஏசி ஓடவில்லை. இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்து, துறைமுகச் சாலை லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசினோம்.

"எதுக்கும்மா மல்லுக்கட்டணும்?" என்றார். "புது இனம்ங்கிற பேச்சையே எடுத்திரு. ஒஸ்டர்வால்ட் நண்டோட இனப்பெருக்கம்னு தலைப்ப மாத்து. முட்டை, லார்வா டேட்டா எல்லாம் உங்கிட்ட இருக்கு. வேற ஜர்னல்ல சீக்கிரமே வாங்கிரலாம். ஆகஸ்டோட உன் பிஎச்டி ரெஜிஸ்ட்ரேஷன் முடியுது. தெரியும்லா?"

"தெரியும் சார்."

"பின்ன?"

"இது அந்த நண்டு இல்ல சார். டிஎன்ஏ அவ்வளவு தள்ளி நிக்குது."

"அத அவரு ஒத்துக்கிடலயே. ஒரே ஒரு இந்தோனேசிய நண்டோட ஒப்பிட்டது போதாதுங்காரு. சரியாத்தான சொல்லுதாரு."

கட்டுரை ஒன்று அச்சுக்கு ஏற்கப்படாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. இன்னொரு நீட்டிப்பும் கிடையாது. சார் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அடுத்த வருடம் மே மாதம் ஓய்வு பெறுகிறார், கடைசி மாணவி வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைக்கிறார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோசிக்கவில்லை. பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து மேற்கோள் பட்டியலில் உட்கார்ந்தேன். பெரிய சண்டைக்கு முன்னால் சின்ன வேலையை முடித்துவிடலாம் என்று ஓர் எண்ணம். சின்ன வேலையா இது? ஜர்னல் பெயர்களைச் சுருக்கக்கூடாது, முழுதாக எழுத வேண்டும். தொகுதி எண் தடித்த எழுத்தில் வரக்கூடாது. பக்கங்களுக்கு நடுவில் சின்னக் கோடு போட்டால் தவறு, கொஞ்சம் நீளமான கோடு வேண்டும். ஆரம்பப் பக்கம் மட்டும் போதாது, முடியும் பக்கமும் வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வந்த அன்ட்ரோ பின்னால் நின்று பார்த்தார். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர்.

"எங்க யார்டுல பெட்டி நம்பர் ஒண்ணு மாறினாக் கப்பலே நிக்கும். நீ என்ன, கோடு நீளமா குட்டையான்னு பாத்துக்கிட்டிருக்க?"

"இதுவும் அதுதான்" என்றேன். அந்த நேரத்தில் சும்மா சொன்னதுதான்.

மே 4, சனி

பள்ளி விடுமுறை. முழுநாளும் கல்லூரி லேபில். இசக்கியம்மாள் மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை என் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். அவள் கடல்பாசியில் ஆராய்ச்சி செய்கிறாள். எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவள், எனக்கு முன்னால் முடித்துவிடுவாள்.

மென்பொருள் ஒரு நொடியில் எல்லாவற்றையும் அடுக்கியது. கூடவே எல்லோர் பெயரையும் குழப்பியது. குடும்பப் பெயர் இல்லாத ஊர்க்காரர்களை அதற்குப் புரியவில்லை. இசக்கி தன் மூன்று கட்டுரைகளைத் தட்டிக் காட்டினாள். ஒன்றில் இசக்கியம்மாள். ஒன்றில் அவள் அப்பா சுடலைமுத்து. மூன்றாவதில் வெறும் 'அம்மாள்'.

"எங்கப்பா அஞ்சாங் கிளாஸ்க்கா. கடல்பாசியப் பத்தி இங்கிலீஷ்ல எழுதியிருக்காருன்னு சொன்னா ஊர்ல தேர் இழுப்பாவ."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றையும் கையால் திருத்தினோம்.

மே 9, வியாழன்

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர.

ஒஸ்டர்வால்ட், 1909. தொகுதி 14, பக்கம் 212. முடியும் பக்கம் இல்லை. நான் இதைச் சாரின் 1996 கட்டுரையிலிருந்து எடுத்திருந்தேன். சரி, வேறு யாராவது முழுதாகக் கொடுத்திருப்பார்கள் என்று இந்த நண்டைப் பற்றி என்னிடம் இருக்கும் எல்லாக் கட்டுரைகளையும் திறந்தேன். சென்னை, கொச்சி, கொழும்பு, மலேசியா, ஆஸ்திரேலியா. தொகுதி எண் கொடுத்த எல்லாரும் 14, 212. ஒருவர்கூட முடியும் பக்கத்தைக் கொடுக்கவில்லை.

இணையத்தில் அந்த ஜர்னலின் பாதித் தொகுதிகள்தான் ஏறியிருக்கின்றன. பதினான்கு இல்லை.

மே 11, சனி

சாரிடம் கேட்டேன். "ஒஸ்டர்வால்ட் ஒரிஜினல் காப்பி உங்ககிட்ட இருக்குமா சார்? கடைசிப் பக்கம் மட்டும் பாக்கணும்."

"வீடு மாத்துனப்ப எங்கயோ போயிட்டு" என்றார். "அந்த ஒரு நம்பருக்கு எதுக்கு மெனக்கெடுத? 212-ன்னு மட்டும் போடு. எல்லாரும் அப்பிடித்தான போட்டிருக்காவ."

"இந்த ஜர்னல்ல விடமாட்டாங்க சார்."

"வெயில்ல அலையாத. போய்ச் சாப்பிடு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்தே சாருக்குக் களைப்பு அதிகம்.

மே 14, செவ்வாய்

அந்த ஜர்னலை வெளியிட்ட ஜெர்மன் அருங்காட்சியகத்துக்கு இன்னும் நூலகம் இருக்கிறது. நூலகர் பெயர் கெர்லிண்டே. மெயில் எழுதினேன். அன்ட்ரோவின் பனியன்களை ஊறவைத்துவிட்டுத் துவைக்க மறந்துவிட்டேன்.

மே 17, வெள்ளி

கெர்லிண்டேயின் பதில்: "தொகுதி 14, 186-ஆம் பக்கத்தோடு முடிகிறது. பக்கம் 212 என்று ஒன்று அதில் இல்லை. மேலும் அது 1882-இல் வெளியானது. அதில் பல்லிகளும் பறவைகளும் மட்டுமே உள்ளன. உங்களுக்கு உதவ முடியாததற்கு வருந்துகிறேன்."

மூன்று முறை படித்தேன். 1882. ஒஸ்டர்வால்ட் பிறந்தே சில வருடம்தான் ஆகியிருக்கும்.

அப்படியென்றால் தொகுதி 14-ஐ யாருமே திறந்து பார்த்ததில்லை. இத்தனை நாட்டில் இத்தனை பேர். நானும்தான்.

மே 18, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சீலா மீன் வாங்கினேன்.

மே 20, திங்கள்

வங்கியில் பாஸ்புக் பதியும் மெஷின் முன்னால் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் புத்தகத்தைத் தலைகீழாகச் செருகினார். மெஷின் துப்பியது. மறுபடி செருகினார், மறுபடி துப்பியது. நான் வாங்கித் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். மெஷின் எடுத்துக்கொண்டது.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

வருடத்துக்கு ஒரு தொகுதி. பதினான்கு 1882 என்றால், 1909-க்கு எத்தனை? விரல்விட்டு எண்ணவே தேவையில்லை. இருபத்தேழு வருடம் கூட்டினால் நாற்பத்தொன்று. பதினான்கு இல்லை, நாற்பத்தொன்று. யாரோ ஒருவர் கையில் 41 திரும்பி 14 ஆகியிருக்கிறது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

வரிசையை விட்டு வெளியே வந்து, வங்கி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றபடி கெர்லிண்டேக்கு மெயில் தட்டினேன். தொகுதி 41, பக்கம் 212, தயவுசெய்து பாருங்கள். அவசரத்தில் 'தயவுசெய்து' இரண்டு தடவை விழுந்துவிட்டது. பாஸ்புக் பதியவே இல்லை.

மே 21, செவ்வாய்

கெர்லிண்டே பதில் போட்டார். "இருக்கிறது. வாழ்த்துகள். ஸ்கேன் செய்ய ஒரு வாரம் கொடுங்கள்."

லேபில் இசக்கியைக் கட்டிப்பிடித்தேன். அவள் கையில் இருந்த பாசித்தண்ணீர் என் சேலை முழுக்க.

"யாருக்கா மொதல்ல மாத்திப் போட்டது? வருஷ வாரியா அடுக்கினாத் தெரிஞ்சிரும்லா" என்றாள்.

"தெரிஞ்சு என்ன ஆகப்போவுது" என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுக்கினேன். 1996-க்கு முந்தைய இரண்டே கட்டுரைகளில் ஒஸ்டர்வால்டின் பெயரும் வருடமும் மட்டும் இருக்கின்றன, தொகுதி எண் இல்லை. 14 என்று முதலில் வருவது 1996-இல். இதைப் பற்றி மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

அன்ட்ரோ ரசத்தில் உப்பு இல்லை என்றார். உண்மைதான்.

மே 28, செவ்வாய்

ஸ்கேன் வந்துவிட்டது. பக்கம் 212 முதல் 219 வரை, முடிவில் நண்டின் முழுப்பக்கப் படத்தட்டு ஒன்று.

போன் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இந்த விஷயத்தில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. கான்வென்டில் சிஸ்டர் எவாஞ்சலின் இருக்கிறார். இருபது வருடம் ஜெர்மனியில் மருத்துவமனை நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உரக்கப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"ஓட்டோட பக்க விளிம்புல... பல்லு. மூணு பல்லு."

"மூணா சிஸ்டர்? நல்லாப் பாருங்க."

"டிரை. மூணுதான். எனக்கு ஜெர்மன்ல மூணு தெரியாதாம்மா? கொடுக்கு வழவழன்னு இருக்கும், ரோமம் கிடையாதுங்கான். ஆழத்துல வலைய இழுத்து வாரி எடுத்தது. இடம் அம்போய்னா."

என் நண்டுக்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து பல். கொடுக்கில் பழைய பிரஷ் மாதிரி அடர்ந்த ரோமம். இடுப்பளவுத் தண்ணீரில் செத்த பவளத்துண்டைப் புரட்டினால் கிடைப்பது. படத்தட்டைப் பார்த்தாலே போதும், பள்ளிப் பிள்ளைகூட இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் படம் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது.

சிஸ்டர் எனக்கு முறுக்கு கொடுத்தார். எழுந்து நின்று சாப்பிட்டேன், உட்கார முடியவில்லை. கான்வென்ட் கேட்டைத் தாண்டியதும் சைக்கிளில் போகிறவர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

இனி சாரிடம் சொல்ல வேண்டும்.

மே 30, வியாழன்

காகிதங்களைச் சார் மேஜையில் வைத்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. "ஒஸ்டர்வால்ட் கிடைச்சிட்டாரு சார். தொகுதி நாப்பத்தொண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

சார் படத்தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பல்லை எண்ணுவது உதட்டசைவில் தெரிந்தது. பியூன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆறி ஆடை கட்டியது.

"நான் இதப் பாத்ததில்லம்மா" என்றார்.

படத்தட்டைக் கீழே வைத்தார்.

"அப்பல்லாம் கல்கத்தாவுக்கு எழுதிப் போடணும். பதில் வர ஆறு மாசம். எங்க கைடு அவசரப்படுத்தினாரு. அங்க போன ஃபிரண்டு ஒருத்தன் லைப்ரரி கார்டப் பாத்துப் போன்ல நம்பர் சொன்னான். எஸ்டிடி கால், கரகரன்னு சத்தம். அவன் என்ன சொன்னானோ, நான் என்ன எழுதினேனோ. ஒரிஜினல் வரும், வந்தாப் பாத்துக்கிடலாம்னு பேப்பர அனுப்பிட்டேன். வரல. அப்பறம் எல்லாரும் அந்தப் பேப்பர எடுத்துப் போட ஆரம்பிச்சிட்டாங்க. சந்தோஷமா இருந்துச்சு. கேக்கவா தோணும்?"

"வால்யூம் நம்பர மட்டும் திருத்திட்டுப் போயிரலாம் சார். யாருன்னு எழுத வேண்டாம். பழைய கட்டுரைகள்ல பிழை இருக்குன்னு பொதுவா ஒரு வரி போதும்."

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, என் மேல் இல்லை.

"பொதுவா எழுதினா அந்த ரிவ்யூவர் விடுவாரா? வேதமாணிக்கம் 1996-ன்னு அவரு பேரச் சொல்லிக் கேட்டிருக்காருலா. பேரச் சொல்லித்தான் பதில் சொல்லணும். நீ எழுதலன்னா நான் எழுதுதேன். நகரு."

என் கணினியை இழுத்துவைத்து, இரண்டு விரலால் தட்டினார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே விசைப்பலகையில் தேடினார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் எழுதியது:

"வேதமாணிக்கம் (1996) மூல விவரிப்பைப் பார்க்காமலேயே தம் மாதிரிகளை ஒஸ்டர்வால்டின் இனம் என்று அடையாளம் கண்டார், தொகுதி எண்ணையும் தவறாகக் கொடுத்தார். பின்வந்தவர்கள் அந்த எண்ணையே நகலெடுத்தனர். இக்கட்டுரையின் முதல் வடிவமும் அதில் அடங்கும்."

கடைசி வரி எனக்கு. நியாயம்தான்.

எழுதி முடித்து நாற்காலியில் சாய்ந்தார். "இருபத்தெட்டு வருஷம்" என்றார். பிறகு, "அந்த மாதிரிங்கள நான் தூக்கிப் போடலம்மா. மியூசியத்துல இருக்கணும்" என்றார்.

அப்போது நேரமாகிவிட்டது. துறை அருங்காட்சியகத்தின் சாவி நாளைக்குத்தான் கிடைக்கும்.

மே 31, வெள்ளி

இந்த நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

அருங்காட்சியக அலமாரியில் மேல் தட்டு. ஏணியில் நான் ஏறினேன், சார் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். இசக்கி தட்டு ஏந்தினாள். மூன்று ஜாடிகள், மூடியில் மெழுகு பூசி அடைத்தவை. சாரின் இளவயதுக் கையெழுத்தில் ஒஸ்டர்வால்டின் இனப்பெயர், 1993, 1994. இடம்: பழைய துறைமுகத்துக்கு வடக்கே.

மெழுகைச் சுரண்டித் திறந்ததும் ஃபார்மலின் நெடியில் மூவரும் இருமினோம். நிறம் போய்ப் பழுப்பாக இருந்தன. ஒன்றைக் கழுவி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். "நீங்களே பாருங்க சார்" என்று எழுந்துகொண்டேன்.

சார் குனிந்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." நிறுத்தினார். "நாலு. அஞ்சு." வளைந்த ஊசியால் நண்டைப் புரட்டினார். "கொடுக்குல ரோமம் இருக்கும்மா. அடையடையா இருக்கு."

அடுத்த ஜாடி, அதற்கடுத்த ஜாடி. எல்லாம் ஐந்து. எல்லாவற்றிலும் ரோமம்.

முதலில் இசக்கிக்குத்தான் உறைத்தது. "அப்ப சார் பாத்ததும் அக்கா நண்டுதான். தூத்துக்குடியில அந்த ஜெர்மன்காரர் நண்டு எப்பவுமே கிடையாது."

ஆமாம். சார் அன்று பார்த்தது வேறு நண்டு என்று நாங்கள் எழுதிய வரியும் தவறு. அதே நண்டுதான். இங்கே பவளத்துண்டைப் புரட்டிய எல்லார் கையிலும் ஊர்ந்தது, மீனவர்கள் பொடி நண்டு என்று வலையிலிருந்து உதறிவிட்டது, மாணவர்கள் தட்டில் வைத்துக் குறிப்பெடுத்தது எல்லாம் இதுவரை பெயரே வைக்கப்படாத ஓர் உயிர். இரண்டாமவர் சொன்னதில் பாதி சரி: என் நண்டும் சாரின் நண்டும் ஒன்றுதான். இரண்டுமே ஒஸ்டர்வால்டின் நண்டு இல்லை.

"சார், இந்த ஜாடியையும் புது இனத்தோட மாதிரியாச் சேக்கணும். முப்பது வருஷமா இங்க இருக்குங்கிறதுக்கு இதவிடச் சான்று கிடையாது. சேகரித்தவர்னு உங்க பேரு வரும்."

சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஃபார்மலின் யார் கண்ணையும் விடாது.

பிறகு கேன்டீனுக்குப் போய் மூன்று பேரும் பஜ்ஜி சாப்பிட்டோம். சார் வாங்கிக் கொடுத்தார். ஏழு வருடத்தில் அவர் கேன்டீனுக்கு வந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூன் 5, புதன்

இரண்டாமவருக்குப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். முதல் வடிவில் என் வெற்றி தொனித்தது. இரண்டாவதில் பணிவு வழிந்தது. மூன்றாவதில் ஒஸ்டர்வால்டின் வரிகள், என் நண்டின் அளவுகள், சாரின் ஜாடிகள் ஆகியவற்றை மட்டும் வரிசையாக வைத்தேன். அது போதும் என்று சார் சொன்னார்.

அன்ட்ரோ இப்போது சோறு வடிக்கிறார். குழைந்துபோகிறது. ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறேன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. தலைமையாசிரியை மதர் வழக்கம்போல எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். "என்ன டீச்சர், டாக்டர் ஆயாச்சா?"

"ஆகப்போறேன் மதர்."

ஒவ்வொரு ஜூனிலும் சிரித்து மழுப்புவேன். இன்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜூன் 12, புதன்

அனுப்பியாச்சு.

ஜூன் 30, ஞாயிறு

மெயில் இல்லை. நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. பரண் சுத்தம் செய்தேன், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவென்று அன்ட்ரோவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு.

ஜூலை 16, செவ்வாய்

பதினோராம் வகுப்புக்கு உயிரினங்களின் பெயரிடல் பாடம். பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மேஜை மேல் போன் அதிர்ந்தது. வகுப்பில் போனைப் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன்.

"உங்கள் கட்டுரை தற்போதைய வடிவிலேயே வெளியீட்டுக்கு ஏற்கப்பட்டது."

கீழே மதிப்பீட்டாளர் குறிப்புகள். முதலாமவர் ஒரே வரி: மேற்கோள் பட்டியல் இப்போது குறையற்றது. இரண்டாமவர் இந்த முறை பெயரை மறைத்துக்கொள்ளவில்லை. லண்டனில் இந்தக் குடும்பத்து நண்டுகளைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்பவர் என்று பெயரெடுத்தவர், பேராசிரியர் ஹேவர்டைன்.

"ஆசிரியர்களின் பதிலைப் படித்ததும் என் அலமாரிக்குப் போனேன்" என்று எழுதியிருந்தார். "என்னுடைய நான்கு கட்டுரைகளில் ஒஸ்டர்வால்டைத் தொகுதி 14 என்று மேற்கோள் காட்டியிருக்கிறேன். நானும் பார்த்ததில்லை. நான் தவறு, ஆசிரியர்கள் சரி. இது புதிய இனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பேராசிரியர் வேதமாணிக்கம் தம்மைப் பற்றித் தாமே எழுதியிருக்கும் மூன்று வரிகளை ஜர்னல் ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் துறையில் அத்தகைய வரிகளை நான் அதிகம் படித்ததில்லை."

"என்னாச்சு மிஸ்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஒரு நண்டுக்குப் பேரு வச்சிருக்கேன்" என்றேன். வகுப்பு என்னை விநோதமாகப் பார்த்தது. பிறகு யாரோ கைதட்ட, காரணம் தெரியாமலே எல்லாரும் தட்டினார்கள். அடுத்த வகுப்பறையிலிருந்து கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

சாருக்குப் போன் செய்து ஹேவர்டைன் எழுதியதை முழுதாகப் படித்தேன். லைன் போய்விட்டதோ என்று "சார்?" என்றேன்.

"இருக்கேம்மா" என்றார். "கடைசி ரெண்டு வரிய இன்னொருக்க படி."

ஜூலை 18, வியாழன்

காலை அசெம்பிளியில் மதர் மைக்கில் அறிவித்தார்கள். நண்டின் பெயரில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது, தூத்துக்குடியென்சிஸ் என்று மூன்று முறை, மூன்று விதமாக உச்சரித்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜூன் மாதக் கேள்விக்காக மனதில் வைத்திருந்த எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். மனதில் ஒன்றும் வைத்திருக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அன்ட்ரோ மட்டும், "எம் பேர வச்சிருக்கலாம்லா, அன்ட்ரோவென்சிஸ்னு" என்று இரவுச் சாப்பாட்டில் குறைப்பட்டுக்கொண்டார். ஊருக்குத்தான் 'என்சிஸ்' வரும், ஆளுக்கு 'அன்ட்ரோயி' என்று வரும் என விளக்கினேன். "அதுவும் நல்லாத்தான இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தேன். சார் கூட வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் பிரதிகள் இருந்த பையைப் பஸ்ஸிலிருந்து கவுன்டர் வரைக்கும் அவரே தூக்கினார். ரசீதை வாங்கி, எழுத்து எழுத்தாக என் பெயரைச் சரிபார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கட்டுரை வெளியாகி இரண்டு வாரம். இன்று இந்தோனேசியாவிலிருந்து ஒரு மெயில். அம்போனில், ஒஸ்டர்வால்ட் எழுதிய அதே அம்போய்னாவில், முதுகலை படிக்கும் மாணவி, பெயர் நோவித்தா. ஒஸ்டர்வால்டின் நண்டை அவளுடைய கடலில் தேடிக்கொண்டிருக்கிறாளாம். ஆழத்தில் வலைபோட்டு இரண்டு கிடைத்திருக்கின்றன. படம் அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பல், வழவழப்பான கொடுக்கு. நூற்றுப்பதினைந்து வருடம் கழித்து ஒஸ்டர்வால்டின் நண்டு உயிரோடு.

கீழே எழுதியிருந்தாள்: "உங்கள் கட்டுரையின் சுருக்கம் மட்டுமே எனக்குக் கிடைத்தது. என் ஆய்வில் உங்களை மேற்கோள் காட்ட விரும்புகிறேன். ஆனால் முழுதாகப் படிக்காமல் காட்ட விரும்பவில்லை. ஒரு பிரதி அனுப்புவீர்களா?"

பள்ளி மணி அடித்துவிட்டது. பிரதியை அனுப்பிவிட்டு, வகுப்புக்குத் தாமதமாகவே போனேன்.